பாவாவின் முதல் பாட்டு

அண்மையில் அந்தப் பழைய கார் விளையாட்டை மறுபடியும் வாங்கிக் கணினியில் ஏற்றினேன். காருக்குள் ரேடியோவைத் திருப்பினால் பாதிப் பாட்டுகளைக் காணவில்லை. உரிமம் முடிந்துவிட்டதாம், கம்பெனிக்காரர்களே உருவிவிட்டார்கள். முழு விலையை வாங்கிக்கொண்டு இதென்ன நியாயம் என்று இணையத்தில் ஆளாளுக்குக் கொதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் நான் தேடியது நம் பாட்டுகளை நாமே போட்டுக்கொள்ளும் ஃபோல்டரை. நல்லவேளை, அது இருந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். திருத்தணியில் மலையடிவாரத் தெருவில் எங்கள் வீடு. அக்காவின் புருஷனைப் பாவா என்போம். கே.ஜி.கண்டிகைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஆட்டோ ஓட்டினார். காலையில் முருகன் பாட்டு ஒன்று ஒலித்தால்தான் அவர் வண்டி நகரும். அதற்கப்புறம் எந்தக் குத்துப்பாட்டு ஓடினாலும் கவலையில்லை.

ஒருநாள் வீட்டில் கேட்கலாமென்று அக்கா ஆட்டோவிலிருந்த அந்த முருகன் பாட்டுக் கேசட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கென்று பாவா அரக்கோணம் ரோட்டில், நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிக் காலை முறித்துக்கொண்டார். வண்டியில் சவாரி யாரும் இல்லாதது சாமி புண்ணியம்.

கால் கட்டோடு அக்காவுடன் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். கட்டுப் பிரித்த பிறகும் ஆட்டோவைத் தொடவில்லை. அதைவிட மோசம், அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சோறு போட்டால் தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுவார்.

"ஒரு கேசட்டுல இன்னா கீது மாப்ளே?" என்றாள் அம்மா.

"அதுலதாங்க எல்லாமே கீது. சாமி பாட்டு இல்லாம வண்டி எடுத்தா இப்டிதான் ஆவும்."

அக்கா பாதியாக இளைத்துப்போனாள். எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கணினியில் அந்தக் கார் விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"இன்னாடா, வண்டில எவனோ இங்கிலீஷ்ல கத்திகினு கீறான்?"

"நம்ம பாட்டும் போட்லாம் பாவா."

சொல்லி முடிக்கவில்லை, அக்கா அடுக்களையிலிருந்து வந்து அந்தக் கேசட்டைக் கணினி மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். டேப்ரிக்கார்டரை ஒயரால் கணினியோடு இணைத்துப் பாட்டைப் பதிவு செய்து, விளையாட்டின் ஃபோல்டரில் போட்டேன்.

பாவா உட்கார்ந்தார். பாட்டு தொடங்கும்வரை காரை நகர்த்தவில்லை. பிறகு மெல்ல எடுத்தார். அந்த விளையாட்டில் சிவப்பு விளக்குக்கு நின்ற ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். எதிரே வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. "சரியான லெப்ட்லதான போறேன், இவனுங்களுக்கு இன்னா வந்துச்சி?" என்று சலித்துக்கொண்டார். அந்த ஊரில் வலப்பக்கமாகப் போகவேண்டும் என்று நான் சொல்வதற்குள் நேரெதிரே ஒரு லாரி வந்து மோதியது. கார் குப்புறக் கவிழ்ந்து புகை விட்டது.

முருகன் பாட்டு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வாயை அடக்கியிருக்கலாம். முடியவில்லை. "இப்ப எந்தக் கேசட்ட யார் எடுத்தாங்க பாவா?" என்றேன்.

அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி ஓட்டிகினே குனிஞ்சி கேசட்ட தேடினேன்டா," என்றார் கடைசியில். "ரோட்ட பாக்கல."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இந்தாம்மே," என்று கூப்பிட்டார். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. "ஒரு டீ குடு."

டீ வரவில்லை. கையைக்கூடத் துடைக்காமல் அக்காதான் வந்தாள்.