ஷெரிஃப் வீட்டு அடுப்பு

காலை எட்டரைக்கு அடையாறில் வடபழனி பஸ் ஏறினதும் நான் செய்கிற முதல் வேலை திருட்டு. முன் சீட்டில் யார் யாரோடு சண்டை பிடிக்கிறார்கள் என்று காதைக் கொடுத்து, அவர்கள் சொல்வதை அப்படியே ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வேன். 'இன்னாத்துக்கு இப்போ கூவிக்கினு கீற' என்று ஒரு பெண் போனில் யாரையாவது திட்டினால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள். மத்தியானத்துக்குள் அந்த வசனம் அமெரிக்காவில் தொப்பி போட்டுக்கொண்டு குதிரையில் வருகிற ஒருவன் வாய்க்குள் போய்விடும். ஒருநாள் கண்டக்டர் குனிந்து கொப்பியைப் பார்த்து, செக்கிங்கில் இருந்து வந்திருக்கிறீர்களா மேடம் என்று பயந்துகொண்டே கேட்டார். இல்லை, குதிரைக்காரர்களுக்கு வசனம் எழுதுகிறேன் என்றேன். அன்றிலிருந்து என் பக்கம் அவர் அதிகம் வருவதில்லை.

மன்னாரில் இருக்கிறவர்களே, கனடா பக்கம் போய்ச் சேர்ந்தவர்களே, முப்பத்தைந்து வருடம் இந்தியாவில் இருந்து இவள் என்ன செய்கிறாள் என்று கேட்பீர்கள். இதுதான். வடபழனியில் ஜன்னலே இல்லாத ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் வெளிநாட்டுப் படங்களைத் தமிழ் பேச வைக்கிறேன். பெரிய படங்கள் எங்களிடம் வராது. டிவிக்கென்று மலிவாக எடுத்து, எடுத்தவர்களே மறந்துபோன படங்கள்தான் வரும். அவற்றை மெட்ராஸ் பாஷையில் பேசவிட்டு யூடியூபில் போடுவார் எங்கள் முதலாளி. தப்பித் தவறி என் தமிழில் ஒரு வரி எழுதிவிட்டால் சிவப்பு மையால் அடித்துவிட்டு, கௌபாய் கொழும்பில் பிறந்தவனா மேடம் என்பார். நான் கொழும்பைக் கண்ணாலும் கண்டதில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

போன வருடம் வந்த படம் ஒரு கௌபாய் நகைச்சுவை. குதிரைக்குப் பயந்த ஒரு ஷெரிஃப், மூன்று கொள்ளைக்காரர்கள், அட்டையில் செய்த ஒரு தெரு. எவ்வளவு மலிவு என்றால், கொள்ளைக்காரன் ஓடிவந்து சலூன் கதவில் மோதும்போது சலூனே ஆடும். வானத்தில் தொப்பியின் நிழல் விழும். ஷெரிஃபுக்குக் குரல் கொடுக்க முதலாளி அந்தோணியண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் நொச்சிக்குப்பம். கட்டுமரம் ஏறின குடும்பத்தில் பிறந்து, நல்ல தொண்டை இருந்ததால் இருபத்தைந்து வருடம் டப்பிங்கில் கூட்டத்தில் ஒருவராகக் கத்தினவர். சாகிறவன், சந்தையில் கூவுகிறவன், தூரத்தில் 'ஐயோ' என்கிறவன் எல்லாம் அவர்தான். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை பேசுகிற வேஷம் அவருக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. வசனக் காகிதத்தைக் கையில் வாங்கி, "இன்னா தங்கச்சி, அல்லாப் பக்கத்துலயும் நானே கீறனே" என்றார். அவர் முகம் அன்றைக்கு இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே.

பாதிப் படம் முடிந்தபோது நெஞ்சில் நோய் முற்றி அவருக்கு மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. வேறு ஆள் வேண்டாம், நான் முடித்துத் தருகிறேன் என்று சொல்லியனுப்பினார். முதலாளிக்கும் வேறு ஆள் தேட நாள் இல்லை. ஒரு மைக்கையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு நானும் சவுண்ட் இன்ஜினியரும் குப்பத்துக் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்குப் போனோம். கடலைப் பார்த்த ஜன்னலை மறைத்து மெத்தையை நிறுத்தினோம். அண்ணன் தலையோடு ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு, நாலு நாள், வரிவரியாக, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். ஒரு வரியைப் பல தரம் பேசிப் பதிந்ததில் எந்த டேக் நல்லது என்று பார்த்து டேக் ஷீட்டில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. படம் முடிந்து மூன்றாம் வாரம் அவர் போய்விட்டார். சாந்தோம் பக்கத்துக் கல்லறையில் நின்றபோதுகூட அந்தப் போர்வைக்குள்ளிருந்து வந்த குரல்தான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு படம் வெளியே வந்தது. கீழே கமெண்ட்டுகள் விழத் தொடங்கின. ஒருவன் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று எழுதினான். இன்னொருவன், என் ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடு என்றான். ஆபீஸில் திட்டு வாங்கிவிட்டு வந்து இதைப் பார்த்தேன், மனசு லேசாகிவிட்டது என்று ஒரு பெண். ஷெரிஃபுக்குப் பேசுகிற ஆளுக்கு ஆஸ்துமாவா, பாதிப் படத்தில் செத்துக்கொண்டே பேசுகிறான் என்று ஒருவன், பக்கத்தில் நாலு சிரிப்புப் பொம்மை. அதை வாசித்த அன்று நான் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. இன்னும் இரண்டு விஷயத்துக்காகத்தான் பெரிய சண்டையே நடந்தது. ஒன்று, பாலைவனத்தில் கடல் சத்தம். கொள்ளைக்காரன் மணலில் தாகத்தால் உருண்டுகொண்டிருக்கிறான், பின்னால் அலை அடிக்கிறது. இரண்டாவது, ஐம்பத்தோராவது நிமிஷம். ஷெரிஃபின் வீட்டைக் கொள்ளைக்காரர்கள் சுற்றி வளைக்கிறார்கள். வாய் நிறைய அவரையை அடைத்துக்கொண்டிருக்கிற ஷெரிஃப், அடுப்படியில் நிற்கிற மனைவி மார்கரெட் பக்கம் திரும்பி, "ஸ்டெல்லா, அடுப்ப சின்னது பண்ணு, தீஞ்சிடப் போவுது" என்கிறான். யார் அந்த ஸ்டெல்லா என்று ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். ஷெரிஃபுக்குச் சின்ன வீடு இருக்கிறது என்று ஒரு கட்சி. படத்திலேயே அதுதான் நல்ல வசனம் என்று எதிர்க்கட்சி.

ஸ்டெல்லா அண்ணனுடைய மனைவி. அது வசனமே இல்லை. நான் எழுதிக் கொடுத்தது, 'மார்கரெட், விளக்க அமத்து, வந்துட்டானுங்க.' அதைப் பேசப்போகிற நேரத்தில் போர்வைக்குள் குழம்பு வாசம் போயிருக்கிறது. மைக் ஓடுவதை மறந்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டார். திரையில் ஷெரிஃபின் உதடு சரியாக அந்த இடங்களில்தான் மூடித் திறந்தது. தலையும் அடுப்புப் பக்கம்தான் திரும்பியது. அண்ணன் சொந்தமாகச் சேர்த்துப் பேசுகிறார், பிரமாதம் என்று நினைத்தேன். பேரைக்கூடக் கவனிக்கவில்லை. ஓகே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இருபது வருட அனுபவக்காரி செய்கிற காரியமா இது.

முதலாளி டேக் ஷீட்டை என் முன்னால் வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் அவருடைய கெட்ட பழக்கம். ஒரே குரலாக இருக்க ஷெரிஃபுக்கு முழுக்க வேறு ஆளைப் போட்டு, கடலையும் எடுத்துவிட்டு, பழைய படத்தைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம் மேடம், நீங்களே பக்கத்தில் இருந்து முடித்துக் கொடுங்கள் என்றார். செத்தவர் குரலை அழிப்பதா என்று கேட்டேன். அழிக்கவில்லை, மாற்றுகிறோம் என்றார்.

அன்றைக்கு வடபழனி டிப்போவில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். உங்களுக்குச் சொன்னால் விளங்கும். எனக்குப் பதினொரு வயது. இரணைதீவுப் பக்கம் ஒரு கரையில், சண்டைக்குத் தப்பி இந்தியாவுக்கு வர எங்களைப் படகில் ஏற்றிவிட்டு அப்பா கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார். இடமில்லை, அடுத்த படகில் வருகிறேன் என்பதுதான் ஏற்பாடு. எஞ்சின் பிடித்து, படகு திரும்பும்போது அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உதடு மட்டும் தெரிந்தது. இரண்டு தரம் மூடித் திறந்தது. அடுத்த படகு வரவேயில்லை. அவர் குரல் ஒரு கசெட்டில்கூட எங்களிடம் இல்லை, எப்படி இருந்தது என்று ஞாபகமும் இல்லை. சொன்னால் வெட்கம்தான், ஆனால் உண்மை. இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து அந்த இரண்டு மூடலுக்கும் நான் வசனம் எழுதிப் பார்க்கிறேன். 'பயப்படாதை' பொருந்துகிறது. 'போய்க் கடிதம் போடு'வும் பொருந்துகிறது. ஒருவேளை எஞ்சின்காரனிடம் 'தம்பி, பீடி எடுத்தியா' என்றுதான் கேட்டாரோ என்னவோ, அதுவும் பொருந்துகிறது. முகம் இருக்கிறது, குரல் இல்லை. குரல் இருக்கிற ஒருவரை என் கையாலேயே துடைக்கச் சொல்கிறார்கள்.

ஸ்டெல்லாக்காவிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை கடற்கரைச் சாலைக்குப் போனேன். சாலையோரம் பலகை போட்டு மீன் விற்கிறார். சங்கராவுக்கும் நெத்திலிக்கும் நடுவில், பிளாஸ்டிக் பைக்குள் போட்ட செல்போனில் நம்முடைய படம் ஓடிக்கொண்டிருந்தது. மீன் வாங்க வந்த ஒருவர், என்னம்மா இந்தக் கண்றாவியையெல்லாம் பார்க்கிறாய் என்றார். அக்கா அவருக்கு மீனை நறுக்கிக் கொடுத்துக்கொண்டே, படம் நல்லாவே இல்லதான் சார் என்று ஒத்துக்கொண்டார்.

அண்ணன் கதைச்ச இடத்தையெல்லாம் மாற்றப் போகிறார்கள் அக்கா என்றேன். கதையை மாற்றினால் மாற்றிக்கொள்ளட்டுமே, அது மொக்கைக் கதைதானே என்றார். நான் பேச்சைச் சொல்கிறேன், குரலை எடுக்கப் போகிறார்கள் என்று விளக்கினேன். கத்தி நின்றது. ஏன் என்று கேட்டார். ஜனங்கள் இப்படியெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்றேன். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி. எல்லாவற்றையும் படி என்றார். நல்லதாக நாலு பொறுக்கிப் படித்தேன். கண்டுபிடித்துவிட்டார். திட்டினதையும் படி என்றார். படித்தேன். ஆஸ்துமா வந்தபோது அசையாமல் கேட்டார். சின்ன வீடு வந்தபோது தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சிரித்து முடிய வெகுநேரம் ஆயிற்று, அதற்குள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

பழைய படத்தை ஒரு பென்டிரைவில் போட்டுத் தருகிறேன், நீங்கள் எப்போதும் கேட்கலாம் என்றேன். பெரிய உதவி செய்கிறவள் மாதிரிதான் சொன்னேன்.

"நான் கேக்கறதுக்கா ஜெசி? முப்பது வருசம் நான் கேட்டுக்கினுதான் இருந்தேன். ஊரு கேக்கணும்னுதானே அந்த மூச்சுல பேசினாரு. திட்டட்டும், இன்னா இப்போ? திட்டறவன் கேட்டுட்டுதானே திட்டறான்."

என் கையில் ஒன்றும் இல்லை அக்கா என்றேன். கையெழுத்து உன் கையாலதானே போடுவே என்றார். மீன் வாங்க ஆள் வந்துவிட்டது.

புதுக்குரல் கொடுக்க வந்தவர் டிவி சீரியலில் பேசுகிற நல்ல மனிதர். காலை பத்துக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் ஷெரிஃபை முடித்துவிட்டார். நெஞ்சு நிறைய மூச்சு, ஒரு பிசிறு இல்லை. அண்ணன் நாலு நாள் ஏறின மலையை அவர் நடந்து தாண்டினார். கடலை இன்ஜினியர் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார். ஐம்பத்தோராவது நிமிஷம் வந்தது. புதியவர் நான் எழுதின விளக்கு வசனத்தை ஒரே டேக்கில் சுத்தமாகச் சொன்னார். டேக் ஷீட்டில் பேனாவை வைத்தேன். 'பழைய டேக் ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தரம் தெரிந்தே. இன்ஜினியர் ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் அலை சத்தம் இருக்கிறது, எடுத்தால் குரலும் போய்விடும் மேடம் என்றார். இருக்கட்டும் என்றேன்.

புதுப் படம் ஏறின இரண்டாம் நாள் முதலாளி கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். முதல் தடவையாக உண்மையான கோபம். இனிமேல் டேக் ஷீட் உங்களிடம் இல்லை என்றார். சரி என்றேன். ஆனால் அந்த இடத்தை அவர் வெட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. பழைய கமெண்ட்டுகள் பழைய படத்தோடு போய்விட்டன, ஆஸ்துமாவும் போயிற்று, மனசு லேசான பெண்ணும் போனாள். புதிதாக வந்தவர்கள் வேறு மாதிரி அடித்துக்கொண்டார்கள். ஒரு வரிக்கு மட்டும் குரல் மாறுகிறதே, எடிட்டர் தூங்கிவிட்டாரா என்று ஒருவன். ஹெட்போன் போட்டுக் கேட்டேன், அந்த இடத்தில் மயிர் கூச்செறிகிறது, ஏன் என்று தெரியவில்லை என்று இன்னொருத்தி. படமே குப்பை, அந்த ஐந்து நொடி மட்டும் யாரோ நிஜமாகப் பேசுகிறார்கள் என்று மூன்றாமவன்.

அதையெல்லாம் மீன் பலகைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இவ்வளவுதான் மிச்சம் பிடிக்க முடிந்தது அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அந்த இடத்தை மூன்று தரம் போட்டுக் கேட்டார். பிறகு, இதில் நாமும் எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம், என் பேரில்தான் போகும் என்றேன். போகட்டும் என்றார். அன்றைக்குப் போர்வைக்குள்ளிருந்து இவர் அடுப்பைச் சின்னது பண்ணச் சொன்னாரே தவிர நான் எழுந்திருக்கவில்லை, இவர் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், குழம்பு அடிப்பிடித்தேவிட்டது என்றார். அதை எழுதவா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். செதில் ஒட்டின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மைக் முன்னால் நிற்கிறவர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

"அடுப்ப அமத்திட்டன்யா, நீ பேசு. அப்டின்னு போடு."

போட்டேன். என் பேர், என் படம், அதன் பக்கத்தில் அக்காவின் வரி. இரண்டு நிமிஷத்தில் யாரோ கீழே கேட்டார்கள்: 'அப்ப நீங்கதான் ஸ்டெல்லாவா? எந்த ஊரு?' அதை வாசித்தேன். நொச்சிக்குப்பம்னு போடு என்றார் அக்கா. மன்னார்க்காரியின் பேருக்குக் கீழே நொச்சிக்குப்பம் என்று அடித்தேன். அனுப்பு என்றார். அனுப்பினேன்.