நான் இறுக்கிய போல்ட்

சிட்னியில், பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டறையில் போட்டித் துப்பாக்கிகளுக்கு ஆக்‌ஷன் செய்கிறோம். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டும், அது ஓடுகிற எஃகுக் கூடும் சேர்ந்ததுதான் ஆக்‌ஷன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவேன். இதன் வரலாற்றையும் படித்தேன்.

பென்ச்ரெஸ்ட் போட்டியில் துப்பாக்கியை மேசைமேல் மணல்பைகளில் கிடத்திச் சுடுவார்கள். ஐந்து குண்டும் ஒரே துளையில் விழ வேண்டும். ஆரம்பத்தில் வேட்டைத் துப்பாக்கியின் ஆக்‌ஷனையே எடுத்தார்கள். தோட்டாப் பெட்டிக்காக அதன் வயிற்றில் வெட்டியிருப்பதால், கனமான குழலைத் தாங்காமல் வளைந்தது. மேலே உலோக உறை மாட்டிப் பசை போட்டு ஒட்டினார்கள். பிறகு, ஒட்டுவானேன் என்று, வயிறு மூடிய ஆக்‌ஷனைத் தனியாகவே கடைந்தார்கள். வலக்கை போல்ட்டைத் திறக்கும்போதே இடக்கை தோட்டா போட, திறப்பை இடப்பக்கம் வைத்தார்கள். காற்று மாறுவதற்குள் ஐந்தையும் சுட்டாக வேண்டுமே!

எல்லாம் இறுக்கத்தை நோக்கித்தான் போகிறது, எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு துல்லியம் என்று நானே முடிவு கட்டினேன்.

கெல்லிவில்லில் இருக்கும் நர்ஸ் அக்கா ஒருவர் எங்களிடம் ஆக்‌ஷன் கேட்டிருந்தார். வலது மணிக்கட்டு முறிந்து, எலும்பில் உலோகப் பிளேட் வைத்து, மறுபடி சுட வந்தவர். மாநில அணிக்கான கடைசித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் போல்ட்டுக்கும் கூட்டுக்கும் இடையே விடச் சொன்ன இடைவெளியை, யாரிடமும் கேட்காமல் பாதியாக்கினேன். பட்டறையின் ஏசியில் போல்ட் வெண்ணெய்போல் ஓடியது.

தேர்வுக்கு நானும் போயிருந்தேன். அன்று அனல்காற்று, புழுதி. மூன்றாவது குண்டுக்குப் பிறகு போல்ட்டின் கைப்பிடி மேலெழவில்லை. அக்கா உள்ளங்கையால் தட்டினார். துப்பாக்கி பையிலிருந்து நகர்ந்தது. காற்றும் மாறிவிட்டது.

"கை போச்சுப்பா," என்றார் என்னிடம். "பிளேட் வச்ச கை, இவ்வளவுதான். துப்பாக்கியை வித்துடறேன்."

பாதியாக்கியதைச் சொல்லாமல், மணல்பைகளைத் தூக்கிக்கொண்டு அவர் காருக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை துப்பாக்கி, 'விற்பனைக்கு' என்று எழுதிக் கட்டிய சீட்டோடு பட்டறைக்கு வந்தது. கழற்றிப் பார்த்தேன். போல்ட்டின் உடம்பெல்லாம் புழுதி கீறிய கோடுகள். கடைசல் மெஷினில் நின்ற யாழ்ப்பாணத்து நண்பன் எட்டிப் பார்த்தான்.

"இதென்னடா, கலியாண மோதிரமே? இப்பிடி இறுக்கி வச்சிருக்கிறாய்!"

பாதியாக்கியதையும், அக்கா தன் கையையே நொந்துகொண்டதையும் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது.

"நீ சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அந்த அக்கா தன்ர கையை அல்லோ குறை சொல்லுறா?"

அன்று மாலையே கெல்லிவில் போய், வாசலில் நின்றபடியே சொன்னேன். அக்கா வலக்கையைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கையை நம்பாம பால் கேனைக்கூட இடக்கையில தூக்கறேன், தெரியுமா? டாக்டர் எழுதின மருந்தை நான் இஷ்டத்துக்குப் பாதியாக்கினா என்ன ஆகும்?"

"தப்புதான் அக்கா."

"அணி போயிடுச்சு. உன் தப்பு அதைத் திருப்பித் தராது." கதவைச் சாத்தப் போனவர் நின்றார். "அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு அக்கா."

முதலாளியிடமும் சொல்லி, திட்டு வாங்கி, வரைபடத்தின் அளவுக்கே புது போல்ட் கடைந்தேன். சனிக்கிழமை அக்கா வந்தார். வலக்கையின் இரண்டே விரலால் திறந்தார், மூடினார், திறந்தார். பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். பிறகு விற்பனைச் சீட்டை அவிழ்த்து என் சட்டைப்பையில் திணித்துவிட்டு, துப்பாக்கிப் பெட்டியை அதே கையால் தூக்கிக்கொண்டு போனார்.