கட்டைவிரல் இருக்கும் பக்கம்

மின்னணுக் கருவிகளுக்குப் பெட்டி வரைவது என் வேலை. தெப்ராவ் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். வரைய உட்கார்ந்தால் முதலில் ஒரு பூஜ்ஜியப் புள்ளி வேண்டும். அங்கிருந்து வலப்பக்கம் இத்தனை மில்லிமீட்டர், மேலே இத்தனை என்று ஒவ்வொரு துளைக்கும் அளவு. எங்கள் வழக்கப்படி, அளப்பவர் நிற்கும் இடத்திலிருந்து அவருடைய இடது மூலைதான் பூஜ்ஜியம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. குரலும் கம்மிவிட்டது. ஒருநாள் நான் அடுக்களையில் இருந்தபோது, என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய்க் கிடந்தார். உடனே கடைக்கு ஓடினேன். கடையில் வாங்கிய அழைப்புமணியை அவரால் அழுத்த முடியவில்லை. சரி, நாம் எதற்கு இருக்கிறோம் என்று நானே கிளம்பினேன்.

இடது உள்ளங்கை சாய்ந்து படுக்க ஒரு பெட்டி, கட்டைவிரல் படும் இடத்தில் பொத்தான். அவர் எதிரே நின்று கையை அளந்து, வரைந்து, வீட்டுத் திரீடி பிரிண்டரில் எடுத்துப் பெருமையாக அவர் கைக்கடியில் வைத்தேன். மணியும் அடித்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் அவர் மணிக்கட்டு சிவந்திருப்பதைப் பார்த்தேன். பொத்தான் சுண்டுவிரல் பக்கம் இருந்தது; ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை முறுக்கித்தான் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார். எதிரே நின்று அளந்தவளுக்கு எது இடதோ அது அவருக்கு வலது. பன்னிரண்டு வருட அனுபவம், வெட்கக்கேடு.

"ஏங்க சொல்லல?" கோபமாகத்தான் கேட்டேன்.

"ஆசையா செஞ்ச. பழகிக்கலாம்னு..."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லி, தோளோடு தோள் ஒட்டிப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவர் பார்க்கும் பக்கத்திலிருந்தே மறுபடி அளந்தேன். பூஜ்ஜியத்தை அவர் மணிக்கட்டுக்கு மாற்றினேன். அந்த வரைபடத்தில் எல்லாம் பூஜ்ஜியத்தோடு கட்டுண்டவை. அதையும் கட்டைவிரல் அளவையும் மாற்றியதும் துளை, சுவர், திருகு எல்லாம் தாமாகவே இடம் மாறின. புதுப் பெட்டியைப் பிரிண்டரில் எடுத்து அவர் கைக்கடியில் வைத்தேன்.

மறுநாள் மணி அடித்தது. கை மாவோடு ஓடினேன்.

"என்னங்க?"

"ஒண்ணும் இல்ல லா. உட்காரு."

உட்கார்ந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த ரெண்டு நாளும் சும்மா கூப்பிடணும்னு இருந்துச்சு. வலிச்சது. அவசரத்துக்கு மட்டும்னு அடக்கிக்கிட்டேன்."