நகத்துக்கு அடியில் இருந்த வலி

என் மனைவி திண்டிவனத்தில் மீன் விற்கிறாள். ஐஸ் பெட்டிக்குள் கை போகும்போதெல்லாம் மோதிர விரல் நகத்தடியில் உயிர் போகிறது என்பாள். வீக்கமோ சீழோ இல்லை. நகச்சுத்தி என்று நினைத்து எலுமிச்சம்பழம் செருகிப் பார்த்தோம், பலனில்லை. இரண்டு வருடம் பொறுத்து ஒருநாள், "இன்னா, ஐஸைக் கண்டாதான் வலிக்குமா? ஏன் நடிச்சிக்கினு இருக்க?" என்று கேட்டுவிட்டேன். அதன்பிறகு அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை. வியாபாரத்தை விட்டுவிடுவதாக மட்டும் சொன்னாள்.

பிழைப்பையே விடுகிறாள் என்றால் வலி நிஜம்தான் என்று அப்போதுதான் உறைத்தது; விழுப்புரத்தில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் குண்டூசித் தலையால் நகத்தை அழுத்தினார். ஒரே ஒரு இடத்தில் அலறினாள், அதற்குப் பக்கத்தில் அழுத்தினால் வலியில்லை. பிறகு பி.பி. பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அதே இடத்தை அழுத்தினார்.

"இப்ப வலிக்கலயே சார்," என்றவள், பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "சத்தியமா நான் நடிக்கலய்யா."

"அதாம்மா அத்தாட்சி," என்றார் மருத்துவர். "ரத்தக் குழாய்ல வர்ற சின்னக் கட்டி. குளிர் பட்டா வலிக்கும், ரத்தம் போகலைன்னா வலிக்காது. புற்றுநோய் இல்ல, எடுத்துட்டா சரியாயிடும்."

ஸ்கேனும் அதையே காட்டியது. விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தைத் தூக்கி, கடுகைவிடச் சற்றே பெரிய கட்டியை எடுத்தார்கள். நகம் வளர்ந்ததும் ஐஸ் பெட்டிக்குத் திரும்பிவிட்டாள்.

இப்போதெல்லாம் அவள் வலி என்றால், எங்கே, எப்போது, எது பட்டால் என்று கேட்டுத் தாளில் குறித்துக்கொள்கிறேன். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருக்கும்.