கதவு வாங்கிய லேப்டாப்

அவனை எல்லாரும் 'கதவு' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு மதுக்கூடத்தின் வாசலில் நின்று, யாரை உள்ளே விடுவது, யாரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது என்று பார்ப்பது அவன் வேலை. ஆளும் கதவு மாதிரிதான் இருப்பான். அவன் குறுக்கே நின்றால் உள்ளே எரியும் விளக்குகூடத் தெரியாது.

அடி அவனுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் அப்பாவிடம் பெல்ட்டால் வாங்கினான். வாங்கியதைப் பள்ளிக்கூடத்தில் வட்டியும் முதலுமாக மற்றவர்களுக்குக் கொடுத்தான். பிறகு அதற்கே சம்பளம் தருகிறோம் என்று ஒருவர் கூப்பிட்டபோது, கரும்பு தின்னக் கூலியா என்று போய் நின்றுகொண்டான். பத்துப் பேர் சேர்ந்து வந்தாலும் அசரமாட்டான். யானைக்கும் அடி சறுக்கும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாமல் இருந்தது.

சறுக்கிய நாளில் வந்தவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முந்தின வாரம் கண்ணாடித் தம்ளர் கழுவும் பெண்ணைக் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனவன். மாலை, கடை திறந்த கையோடு, ஏற்கெனவே குடித்துவிட்டு வந்து நின்றான்.

"உனக்கு இடமில்ல. போ."

"யாருகிட்டப் பேசற தெரியுமா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். போ."

வெள்ளைச் சட்டை திரும்புவதுபோலத் திரும்பினான். கையிலிருந்த பாட்டிலைச் சுவரில் அடித்து உடைத்தான். உடைந்த முனை நேராகக் கழுத்துக்கு வந்தது. கதவு யோசிக்கவில்லை, இடது கையால் அந்தக் கண்ணாடியையே பிடித்தான். மற்றவன் விடாமல் அதை அப்படியே திருகினான். உள்ளங்கை கிழிந்து, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போகும் நரம்பு அறுந்தது. வலி வருவதற்கு முன்பே கதவு தன் நெற்றியால் அவன் மூக்கில் மோதினான். எலும்பு நொறுங்கும் சத்தம் தெருவுக்கே கேட்டது. இரண்டு பேர் ரத்தமும் ஒரே படிக்கட்டில் வழிந்து சாக்கடைக்குப் போயிற்று.

மருத்துவமனையில் நரம்பைத் தைத்தார்கள். காயம் ஆறியது, விரல்கள் ஆறவில்லை. அந்த இரண்டும் செத்த புழுக்கள் மாதிரி கிடந்தன. பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, காலையும் மாலையும் அமுக்கச் சொன்னார். கொஞ்ச நாள் அமுக்கினான். பிறகு ஒரு நாள் அதைச் சுவரில் எறிந்தான். அது திரும்பி வந்து அவன் மூக்கிலேயே அடித்தது. எழுந்து போய்க் கத்தியால் அதைக் கண்டந்துண்டமாக வெட்டினான்.

மாடி வீட்டில் இருந்த அக்கா இறங்கி வந்து பார்த்தாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையைக் கவனித்துக்கொள்பவள். துண்டு துண்டாகக் கிடந்த பந்தையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பந்து உன்னை என்னடா பண்ணுச்சு?"

"போரடிக்குது அக்கா. யாரையாவது அடிச்சே ஆகணும் போல இருக்கு."

"அப்போ கம்ப்யூட்டர்ல அடி. சண்டை விளையாட்டு எல்லாத்துலயும் ஆளை நடத்தறது இடது கை. கீ மேல நடுவிரல் வெச்சா முன்னாடி போவான், பின்னாடி வருவான். மோதிர விரல் வெச்சா இடப்பக்கம் போவான். நீ செத்துச் செத்துப் பொழைக்கறதுக்குள்ள விரல் தானா வேலை செய்யும்."

டாக்டரம்மாவைக் கேட்டார்கள். விரல் அசைந்தால் போதும், எதை வைத்து அசைத்தால் என்ன என்றார்.

லேப்டாப் வாங்கப் போன முதல் கடையில், விற்பவன் விசைப்பலகை முழுக்கச் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும் ஒன்றை எடுத்து வைத்தான். "கேமிங்குக்குன்னே செஞ்சது சார்."

"இதுல கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கா?" என்றாள் அக்கா.

"எல்லாம் உள்ளயே இருக்கும்மா."

"உள்ள இருக்கறது தெரியும். தனியா இருக்கான்னு கேட்டேன். இல்லேன்னா படம் திக்கித் திக்கி வரும். ராம் எட்டு ஜிபியா? கூட்ட முடியுமா?"

விற்பவன் அவளை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துச் சிரித்தான். "வீட்ல பொம்பளைங்க பேச்சைக் கேட்டா ஒண்ணும் வாங்க முடியாது சார்."

சிரிப்பு முடிவதற்குள் அவன் கால்கள் தரையில் இல்லை. கதவு வலது கையால் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக் கண்ணாடி அலமாரியில் சாத்தியிருந்தான். அலமாரி விரிசல் விட்டது. ஓடிவந்த மூன்று ஊழியர்கள் அவன் முதுகில் குத்தினார்கள். ஒருவன் நாற்காலியாலேயே அடித்தான். கடைசியில் அக்காவையும் தம்பியையும் சேர்த்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

"வாழ்நாள் பூரா ஊரை வெளிய தள்ளுனே. இன்னிக்கு உன்னைத் தள்ளிட்டாங்க," என்றாள் அக்கா, கலைந்த முடியை முடிந்துகொண்டே. அவனுக்கு உதடு கிழிந்திருந்தது. இருந்தும் சிரித்தான்.

அடுத்த தெருவில் ஒரு பெண் நடத்தும் கடை. அங்கே அவன் வாயே திறக்கவில்லை. அக்காவும் அவளும் போன வருஷத்து மாடல் ஒன்றைத் திருப்பிப்போட்டு அடிப்பாகத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பார்க்க அசிங்கம், செங்கல் கனம். ஆனால் கிராபிக்ஸ் கார்டு தனியாக இருந்தது. சூடு போக இரண்டு விசிறி. ராம் இன்னொன்று செருக இடம். விண்டோஸ் இல்லாமல் வெறும் இயந்திரமாக விற்றதால் விலையும் கைக்கு எட்டியது.

"விண்டோஸ் வேணும்னா தனியா வாங்கணும். அதுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா செலவில்ல," என்றாள் கடைக்காரி.

"செலவில்லாம கிடைக்கறது எதுக்கு உதவும்?" என்றான் கதவு. அக்கா பணத்தை எண்ணி வைத்தாள்.

அக்கா அன்று மாலையே லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். அவன் கேட்ட விளையாட்டு அதில் திறக்கவில்லை. மதுக்கூடத்து ஆட்கள் எல்லாரும் இணையத்தில் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை அது. கள்ளாட்டம் ஆடுபவர்களைப் பிடிக்க அதற்குள் ஒரு காவல் நிரல் இருக்கிறது. அது லினக்ஸைக் கண்டால் உள்ளே விடாது. கதவு மேசையைக் குத்தினான். தண்ணீர்ப் பாத்திரம் உருண்டது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு விண்டோஸும் வாங்கி, இரண்டையும் ஒரே இயந்திரத்தில் போட்டாள். ஆன் செய்யும்போதெல்லாம் எது வேண்டும் என்று அதுவே கேட்கும்.

அவன் விண்டோஸில் நுழைந்தான். சுட்டுக் கொன்றார்கள். மறுபடி நுழைந்தான். மறுபடி கொன்றார்கள். மோதிர விரல் அழுந்தாததால் அவன் ஆள் இடப்பக்கம் நகரவே இல்லை. அதைக் கண்டுகொண்ட எதிராளிகள் சொல்லி வைத்ததுபோல இடப்பக்கமாகவே வந்தார்கள்.

ஹெட்போனில் யாரோ கத்தினான்: "யாருடா நம்ம டீம்ல இந்தக் கையாலாகாதவன்? இவனைத் தூக்கி வெளிய போடுங்கடா!"

கையாலாகாதவன். முகம் தெரியாதவன் வாய்க்கு வந்ததைச் சொன்ன வார்த்தை. அது போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது. கதவு எழுந்து, தைத்த கையாலேயே சுவரைக் குத்தினான், தோல் உரிந்து ரத்தம் வரும்வரை. கை வீங்கிப் பூசணிக்காய் ஆயிற்று.

வீக்கம் வடிந்ததும் லினக்ஸுக்கு மாறினான்.

"அங்கதான் உன் விளையாட்டு வராதே?" என்றாள் அக்கா.

"அதுக்குத்தான் அக்கா. அங்க அவனுங்களும் வரமாட்டானுங்க."

அங்கே தனியாக ஆடும் கோடாலிச் சண்டை ஒன்று ஓடியது. கோட்டைக்குள் புகுந்து எதிர்ப்பட்டவன் மண்டையைப் பிளந்துகொண்டே போக வேண்டும். திட்ட யாருமில்லை. பகல் முழுவதும் வெட்டினான். விசிறிகள் அலறின, மடி சுட்டது. செத்தான், எழுந்தான், வெட்டினான். ஒரு நாள் கோடாலிக்காரன் அரை அடி இடப்பக்கம் நகர்ந்தான். கதவு விரலைப் பார்த்தான். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. மாடிக்குக் கேட்கும்படி "அக்கா!" என்று கத்தினான்.

இதற்கிடையில் வெள்ளைச் சட்டையின் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. அவன் தம்பி ஒரு நாள் கதவின் வீட்டுக்கு வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு மரியாதையாக உட்கார்ந்தான்.

"அண்ணே, குடிபோதையில நடந்தது. நீங்க சாட்சி சொல்லாம விட்டுடுங்க."

"சொல்லுவேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

அடுத்த முறை அவன் செருப்பை விடவில்லை. நடுப்பகல். கதவு கட்டிலில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனோடு கோட்டை மதிலில் ஏறிக்கொண்டிருந்தான். அக்கா அடுப்படியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். இரண்டு பேர் உள்ளே வந்தது அவனுக்குக் கேட்கவில்லை. பின்னால் வந்தவன் இரும்புக் கம்பியால் தோளில் அடித்தான். உடம்பு சரிந்தது. தம்பிக்காரன் கத்தியை ஓங்கியபோது, கையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கதவு தூக்கினான். கத்தி திரையைத் துளைத்து, மறுபக்கம் வந்து, அவன் முகத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

உருவ முடியாமல் தம்பிக்காரன் இழுத்தான். கதவு லேப்டாப்பைக் கத்தியோடு பிடுங்கி, அதன் கனத்த அடிப்பாகத்தால் அவன் வாயில் அடித்தான். பற்கள் தரையில் சிதறின. இன்னொரு அடி, காதோரம் கிழிந்தது. கம்பிக்காரன் மறுபடி ஓங்குவதற்குள் அக்கா கொதிக்கும் தண்ணீரைப் பாத்திரத்தோடு அவன் முகத்தில் வீசினாள். கம்பியைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டே வாசல் படிக்கட்டில் உருண்டு ஓடினான்.

கதவு தம்பிக்காரனின் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்து தொண்டையைப் பிடித்தான். முதலில் வலது கை. பிறகு இடது கையும் வந்து சேர்ந்தது. கீழே கிடந்தவனின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. கால்கள் தரையை உதைத்து, மெல்ல மெல்ல நின்றன.

"விடுடா! செத்துருவான்டா!"

அவனுக்குக் கேட்கவில்லை. அக்கா முதுகில் அடித்தாள், முடியைப் பிடித்து இழுத்தாள். மலையை நகர்த்துவது போலிருந்தது. கடைசியில் குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள், வாயில் ரத்தம் உப்புக் கரிக்கும்வரை.

கதவு கையை எடுத்தான். கீழே கிடந்தவன் இருமி, ரத்தம் கக்கி, மூச்சை இழுத்தான். கதவு தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து விரலும் மடங்கியிருந்தன. பந்துக்கு மடங்காதவை, எந்த விசைக்கும் இவ்வளவு மடங்காதவை, ஒரு குரல்வளைக்கு மடங்கிவிட்டன. அவன் பேயறைந்தவன் மாதிரி சுவரோரம் போய் உட்கார்ந்தான். போலீஸ் வந்து தூக்கி நிறுத்தும்வரை எழுந்திருக்கவில்லை.

நீதிமன்றத்தில் நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். அண்ணனும் தம்பியும் உள்ளே போனார்கள். வீடு புகுந்து வந்தவர்கள் என்பதால் அவன்மேல் வழக்கு இல்லை. டாக்டரம்மா பிடிமானத்தைச் சோதித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். "பிரமாதம்! என்ன பயிற்சி பண்ணீங்க?" அவன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

மதுக்கூடத்து முதலாளி திரும்பக் கூப்பிட்டார். ஒரே ஒரு மாலை போய் நின்றான். யாரோ ஒருவன் கொஞ்சம் சத்தமாகப் பேசினான், அவ்வளவுதான். இடது கை விரல்கள் அவனைக் கேட்காமலே மடங்கின. முதலாளியிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது ஒரு வாகன நிறுத்துமிடத்தில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடும் வேலை.

லேப்டாப்பின் திரை போயிற்று, அடிப்பாகம் பிழைத்தது. அக்கா உடைந்த மூடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிப்போட்ட பழைய மானிட்டரைக் கேட்டு வாங்கி வந்து மாட்டினாள். ஆன் செய்ததும் விண்டோஸா லினக்ஸா என்று கேட்டது.

"விண்டோஸை அழிச்சிடு," என்றான் கதவு.

"காசு கொடுத்து வாங்குனதுடா!"

"தெரியும். அங்க போனா ஆளுங்க இருக்காங்க அக்கா. யாராவது எதையாவது சொல்லுவான். எனக்குக் கை பரபரக்கும். பக்கத்துல நீதான் இருப்பே."

அக்கா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அழித்தாள். அழிந்து முடியும்வரை இருவரும் தேநீர் குடித்தார்கள். அதன்பின் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கோட்டைக்குள் மீதமிருந்தவர்களை வெட்டப் போனான்.