கதைக்கப் பழகிய கதிரை

ஜப்பானில் நான் இருந்த ஊரும் துறைமுகம்தான். மீன் வெட்டிப் பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை. காலையில் வேலைக்கு நடந்தால் ஐஸும் டீசலும் கலந்த மணம் வரும். கண்ணை மூடினால் திருகோணமலை. திறந்தால் பனி.

அங்கே என்னை ஒருவரும் கெட்டவிதமாக நடத்தவில்லை. கண்ட இடத்தில் தலை குனிந்து வணக்கம் சொன்னார்கள். ஆனால் ஒருவரும் தொடவில்லை. பஸ்ஸில் நான் இருந்தால் பக்கத்துச் சீற் கடைசிவரைக்கும் வெறுமையாகவே வரும். ஆட்கள் நின்றுகொண்டு வருவார்கள். ஊரில் கிண்ணியா பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள் என் தோளில் தலையைப் போட்டு நித்திரை கொள்வார், எனக்கு எரிச்சல் வரும். அந்த முதல் குளிர்காலம் முழுக்க அந்தத் தலைப்பாரத்துக்காக ஏங்கினேன்.

தலைமயிர் வளர்ந்து வேலைத் தொப்பிக்கு வெளியே வரவும் மேற்பார்வையாளர் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரிக் காட்டினார். ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சலூன் இருந்தது. உள்ளே வயதான ஒரு அம்மா தனியே நின்றார். அவருடைய புருஷன் வந்து வெட்டுவார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவரோ கதிரையைத் தட்டிக் காட்டினார். ஒரு பெண் ஆணுக்கு முடிவெட்டி நான் எங்கள் ஊரில் கண்டதில்லை. வெட்கத்தோடு போய் இருந்தேன்.

என் சுருட்டை மயிருக்குள் சீப்பு பாதிவழியில் நின்றுவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். வெட்டி முடித்ததும் கதிரையைப் பின்னுக்குச் சரித்து, சூடான துவாயை முகத்தில் போர்த்தி, இரண்டு கையாலும் கன்னத்தை மெல்ல அமத்தினார். அவ்வளவுதான். துவாய்க்குக் கீழே எனக்கு அழுகை வந்துவிட்டது. தோள் குலுங்கியதை அவர் கண்டிருப்பார். ஆறிய துவாயை எடுத்து, என் முகத்தைப் பாராமலே இன்னொரு சூட்டுத் துவாயைப் போட்டுவிட்டு உள்ளே போனார். தேத்தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு மயிர் வளராவிட்டாலும் போனேன். நான் வகுப்பில் படித்த ஜப்பான் மொழி வேலைக்குப் போதும். மனம்விட்டுக் கதைக்கக் காணாது. அதை அந்தக் கதிரையில்தான் பழகினேன். அவர் பிழை திருத்துவதில்லை. நான் பிழையாகச் சொன்னதைத் தான் ஒருதரம் சரியாகச் சொல்லிவிட்டு மற்றக் கதைக்குப் போய்விடுவார். கடலுக்கு உங்கள் பாஷையில் என்ன என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். அவருக்கு வாயில் வந்தது 'கடாரு'. அதோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து அதையே எனக்குப் பெயராக்கிவிட்டார்.

சில வருடங்களில் ஊரில் என் அம்மாவுக்குத் தனியே நடக்க ஏலாமல் போனது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஊருக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. கடைசித் தரம் சலூனுக்குப் போனபோது அவர் வழமையைவிட மெதுவாக வெட்டினார்.

"இனி ஆர் உங்களுக்கு வெட்டுறது?"

"ஊரில சலூன் இருக்கு."

"அங்க கதைப்பினமோ?"

"கதையை நிப்பாட்டவே மாட்டினம்."

"அப்ப நல்லது," என்று சிரித்தார். கழுத்தடியில் ஒட்டியிருந்த மயிரைத் தட்டிவிட்டபடி, "மயிர் வளரும்தானே. வளர்ந்தா வாங்கோ," என்றார். ஓம் என்றேன்.

இப்போது திருகோணமலையில், பாலையூற்றில் அம்மாவோடு இருக்கிறேன். துறைமுகப் பக்கத்தில் ஐஸ் தொழிற்சாலையொன்றில் வேலை. அந்தச் சலூனுக்கு ஒருக்கா போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் ஜப்பான் கப்பலொன்று வந்தது. பின்னேரம் கடற்கரையில் இரண்டு மாலுமிகள் கதைத்துக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பாஷை காதில் விழுந்ததும் மோட்டார் சைக்கிளை வீதியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். எந்த ஊர், எங்கள் ஊர் பிடித்திருக்கிறதா, வெக்கை கூடவா என்று மூச்சுவிடாமல் கேட்டேன். இளையவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூத்தவர் அவரை முழங்கையால் இடித்தார்.

"குறை நினையாதேங்கோ," என்றார் மூத்தவர். "நீங்கள் கதைக்கிறது எங்கட வடக்குப் பக்கத்து வயசான பொம்பிளையள் கதைக்கிற மாதிரி இருக்கு. என்ர மாமி அச்சு அசலா இப்பிடித்தான் கதைப்பா. ஆரிட்டப் பழகினீங்கள்?"

"சலூன் வச்சிருந்த ஒரு அம்மாவிட்ட."

இத்தனை காலமும் அது எனக்குத் தெரியாது. அங்கே மீன் தொழிற்சாலையில் ஒருவரும் சொன்னதில்லை. அவர்களை விட மனமில்லாமல் தேத்தண்ணிக்கடைக்குக் கூட்டிப்போனேன். நான் இருந்த ஊரின் பெயரைச் சொல்லி, ரயில் நிலையத்துக்கு முன்னாலிருந்த சலூனைப் பற்றிக் கேட்டேன். அந்த ஊரை ரயிலில் தாண்டியிருக்கிறேன், இறங்கியதில்லை என்றார் மூத்தவர். கொஞ்ச நேரத்தில் கப்பலுக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கைபிடித்து முற்றத்துக்குக் கூட்டிவந்தேன். என்னையறியாமல் வாயில் அந்த ஜப்பான் பாஷை வந்துவிட்டது.

"என்னடா சொல்லுறாய்?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுமில்லையம்மா. இண்டைக்கு நல்ல காத்து எண்டு சொன்னனான்."

"ஓம், நல்ல காத்துத்தான்," என்று சொல்லிவிட்டு அம்மா கதிரையில் சாய்ந்துகொண்டார்.