வேர்வை காயாத ஊர்

புசல்லாவையில் நாங்கள் வளர்ந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஓடி விளையாடிவிட்டு வந்த சூட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, வேர்வை காய்ந்த பிறகுதான் குடிக்க வேண்டும். மீறினால் சளி பிடிக்கும் என்று அம்மா அடித்துச் சொல்வார். அங்கே அந்தச் சட்டத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தேயிலை மலையிலிருந்து இறங்கும் காற்று, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் முதுகைக் காயவைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் நெடுந்தூர ஓட்டத்தில் என்னை ஜெயிக்க ஆள் இல்லாத காலம் அது. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். வேறு எதிலும் நான் முதலாவதாக வந்ததில்லை.

கல்யாணமாகிக் குண்டசாலைக்கு வந்தேன். கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஓட்டமெல்லாம் பஸ்ஸைப் பிடிப்பதோடு சரி. நாற்பது வயது நெருங்கியபோது திடீரென்று பசி எடுப்பதுபோல ஓர் ஆசை வந்தது, மறுபடியும் ஓட வேண்டும் என்று. உடம்பு இளைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. சின்ன வயதில் ஓடும்போது எனக்குக் கிடைத்த சந்தோஷம் அதன் பிறகு எதிலும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அது பங்குனி மாதம். பகல் முழுக்க வெயில் கொளுத்தும். பின்னேரமானால் மகாவலிப் பக்கமிருந்து ஈரம் ஏறி, காற்று அசையாமல் நிற்கும். வேலை முடிந்து வந்த கையோடு, பழைய நினைப்பில் வேகமாகக் கிளம்பினேன். வயல் வரைக்கும் போய்த் திரும்பி, வாசல்படியில் உட்கார்ந்தேன். என் கணவர் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"வேர்வை காயட்டுங்க" என்றேன்.

காயவில்லை. துவாயால் துடைத்தேன், மறுபடியும் ஊறியது. மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. கண்ணுக்குள் இறங்கி மிளகாய்த்தூள் விழுந்ததுபோல எரிந்தது. கொடியில் போட்ட கைக்குட்டைகூடக் காயாத காற்றில் என் முதுகு எப்படிக் காயும் என்று என் மண்டைக்குத் தோன்றவே இல்லை. கையில் கிளாஸ் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, வேர்வை காய்வதற்காகக் காத்திருந்து, அப்படியே மயங்கிச் சாய்ந்துவிட்டேன்.

கண் விழித்தபோது தலையெல்லாம் நனைந்திருந்தது. என் கணவர் வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றியிருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிற மனிதர், எத்தனையோ நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனவர். அன்றைக்கு வாளியைக் கீழே வைக்கவே மறந்து நின்றார்.

"இனிமே ஓட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"தண்ணி குடிக்காததுதாங்க தப்பு. ஓடினது தப்பில்ல."

"நீ போய்ச் சேந்திருந்தா, எது தப்புன்னு நான் யாருகிட்ட போய் கேக்கிறது?"

ஆனாலும் ஓட்டத்தை விட எனக்கு மனமில்லை. சில நாட்கள் வீட்டில் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் அவரே இறங்கிவந்து ஓர் ஒப்பந்தம் போட்டார். நான் மெதுவாக ஓட வேண்டும். இடையில் நின்று தண்ணீர் குடிக்க வேண்டும். அவர் ஆட்டோவில் பின்னாலேயே வருவார். ஒருதரம் எனக்குத் தலை சுற்றினாலும் அத்தோடு ஓட்டம் முடிந்தது. சரி என்றேன்.

ஊர் பார்த்த வேடிக்கையைக் கேட்க வேண்டுமா? நான் முன்னால் ஓட, ஆட்டோ உறுமிக்கொண்டு பின்னால் ஊர்ந்து வரும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கை காட்டி அதை மறிப்பார்கள். ஒரு சிங்கள அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, சண்டையை வீட்டில் போய்ப் பேசித் தீர்க்கலாம், ஏறிப் போ மகளே என்று கெஞ்சினார். என் கணவர் மானம் போய்த் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

ஆரம்ப நாட்கள் கொடுமையாக இருந்தன. நடையா ஓட்டமா என்று தெரியாத வேகம். அதற்கே நெஞ்சு காதுக்குள் இடிக்கும். பாதி வழியில் மதகுச் சுவரோரம் அவர் ஆட்டோவை நிறுத்தி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் கலந்த தண்ணீர்ப் போத்தலை நீட்டுவார். "சுத்துதா?" என்று முகத்தையே பார்ப்பார்.

பிறகு ஒரு நாள், மதகைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, கண் எரியவில்லை என்பது உறைத்தது. வேர்வை என்னவோ முன்பைவிடச் சீக்கிரமாகவே வந்து, புருவத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நாக்கை நீட்டி உதட்டை நக்கிப் பார்த்தேன். உப்பு குறைந்திருந்தது. நெஞ்சும் இடிக்கவில்லை, தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. குளிர் ஊரில் பிறந்த என் உடம்பு என்னைக் கேட்காமலே இந்தப் புழுக்கத்தைப் படித்து, உப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகியிருந்தது. பிள்ளை பெற்றபோதுகூட நான் என் உடம்பைப் பார்த்து இப்படி வியந்ததில்லை. அப்போது வலி மட்டும்தான் தெரிந்தது. இப்போது மேலெல்லாம் சிலிர்த்து, நடு வீதியில் நின்றுவிட்டேன்.

ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. அவர் பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்தார்.

"சுத்துதா? சொல்லு, சுத்துதா?"

"இல்லங்க. இந்த வேர்வைய நக்கிப் பாருங்க."

"பைத்தியமா ஒனக்கு?"

"பாருங்கன்னா."

யாராவது பார்க்கிறார்களா என்று வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என் நெற்றியை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்சம் யோசித்தார். ஆட்டோவுக்குள் உட்கார்ந்து வெந்துபோன தன் நெற்றியையும் தொட்டுச் சுவைத்துப் பார்த்தார்.

"என்னோடதுதான் கரிக்குது" என்றார், கோயிலில் பேசுகிற குரலில்.

பிறகு அவர் ஆட்டோவைத் திருப்பினார். "நாளைக்கு நான் பின்னால வரல. நீ ஓடு."

மறுநாள் தனியாக ஓடினேன். பின்னால் எஞ்சின் சத்தம் இல்லாதது, உண்மையைச் சொன்னால், பயமாக இருந்தது. தண்ணீர் எடுத்துவர மறந்திருந்தேன். மதகு நெருங்கியபோது சுவரின் மேல் ஏதோ தெரிந்தது. எங்கள் வீட்டுப் போத்தல். உள்ளே தேசிக்காய் விதை ஒன்று மிதந்தது. ஐஸ் தண்ணீர் நிறைந்த அந்தப் போத்தல் இன்னும் வெளியெல்லாம் வேர்த்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வீதியில் ஆட்டோ எதுவும் இல்லை.

வேர்வை சொட்டச் சொட்ட, அங்கேயே நின்று குடித்தேன்.